எனக்கு முன்னால் பதினான்கு பேர்

1974ஆம் ஆண்டு அக்டோபர் 19, சனிக்கிழமை, காலை ஒன்பதரை மணி. முதல்நாள் இரவு பெய்த மழை விட்டிருந்தது. வானம் மூடிக்கிடந்தது, தூறல் இல்லை. எங்கள் உறவினர்கள் கல்யாண வீடுகளில் அன்று கடையில் நடந்ததைச் சொல்லும்போது, உச்சி வெயிலில் நான் மயங்கி விழுந்ததாக ஒரு வரி சேர்த்துக்கொள்கிறார்கள். அன்று வெயிலே இல்லை. நான் விழவும் இல்லை. நின்றுகொண்டுதான் இருந்தேன்.

எங்கள் ஊர் புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே மூன்று மைல். நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். அந்த வருஷம் நாமக்கல்லிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் ஒரு டீச்சர் எங்களுக்கு வாய்த்தார். குடிமக்களின் கடமைகள் என்ற பாடத்தை அதுவரை இருந்த வாத்தியார்கள் ஒருமுறை வாசித்துவிட்டு, கேள்வி பதிலை எழுதிப்போட்டுவிடுவார்கள். இவர் வாசிக்கவே இல்லை. சாக்பீஸை எடுத்துத் தண்ணீர்ப் பானையிலிருந்து வாசல்வரை தரையில் ஒரு கோடு போட்டார்.

அந்தப் பானையில் அதுவரை எங்கள் தெருப் பிள்ளைகள் டம்ளரை விட்டு மொண்டு குடிப்போம். காலனிப் பிள்ளைகள் இரண்டு கையையும் குவித்துக்கொண்டு, யாராவது ஊற்றட்டும் என்று சற்றுத் தள்ளி நிற்பார்கள். யாரும் யாரையும் அப்படி நில் என்று சொன்னதாக நினைவில்லை. டீச்சர் சொன்னது இவ்வளவுதான்: “முன்னாடி வந்தவங்க முன்னாடி, பின்னாடி வந்தவங்க பின்னாடி. கலெக்டர் மகனா இருந்தாலும் கோட்டு மேலதான் நிக்கணும். எல்லாருக்கும் ஒரே டம்ளர்.”

முதல் நாள் எங்கள் தெருப் பையன்கள் மூன்று பேர் தண்ணீர் குடிக்காமலே வீட்டுக்குப் போனார்கள். நான் போகவில்லை. பெரிய மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தக் கோட்டில் நின்றால் எல்லாருக்கும் ஒரு எண் கிடைத்தது. ஆறாவதாக வந்தவன் ஆறாவதாகக் குடிப்பான், அதை எவனாலும் மாற்ற முடியாது. எனக்குக் கணக்கு பிடிக்கும். அதனால் வரிசையும் பிடித்துப்போயிற்று.

அந்தச் சனிக்கிழமை சொசைட்டிக் கடையில் சீமெண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று செய்தி வந்தது. எண்ணெய் தட்டுப்பாடான காலம். எப்போதும் வாங்கி வரும் பண்ணையாள் சந்தைக்குப் போயிருந்ததால், சித்தப்பா ரேஷன் கார்டையும் டின்னையும் என்னிடம் கொடுத்து அனுப்பினார். அப்பா எதிலும் தலையிடாதவர், வீட்டில் சித்தப்பா வைத்ததுதான் சட்டம்.

கடையில் எங்கள் தெருக்காரர்கள் நிற்பது வழக்கமில்லை. நேராகப் படியேறிப் பீப்பாய்க்குப் பக்கத்தில் போவோம். கடைக்காரர் கையிலிருப்பதை விட்டுவிட்டு எங்களுக்கு ஊற்றுவார். அன்று நான் படிக்குக் கீழே நின்று எண்ணினேன். எனக்கு முன்னால் பதினான்கு பேர், எல்லாரும் காலனிக்காரர்கள். நான் பதினைந்தாவது. டின்னைக் கீழே வைத்துவிட்டு நின்றேன்.

பதினான்காவதாக இருந்தவர் எங்கள் காட்டில் களை எடுக்கிற அம்மா. என்னைப் பார்த்ததும் பாட்டிலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு விலகினார்.

“நீங்க முன்னாடி போங்க சாமி.”

“நீங்கதானுங்க முன்னாடி வந்தீங்க” என்றேன்.

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அதற்குமுன் நான் அந்த அம்மாவை நீங்க என்று சொன்னதில்லை. எங்கள் வீட்டில் பால் குடிக்கிற பிள்ளைகூட அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த சந்தோஷம் இல்லை. விறுவிறுவென்று எனக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நான் அவருக்குப் பின்னால் போனேன். அவர் மறுபடி எனக்குப் பின்னால் வந்தார். அதைப் பார்த்துப் பதின்மூன்றாவது ஆளும் பன்னிரண்டாவது ஆளும் பயந்து பின்னால் வந்துவிட்டார்கள். நானும் விடவில்லை. முன்னால் போகவேண்டிய வரிசை பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து வேப்பமரம்வரை போய்விட்டது.

கடைக்காரருக்குக் கை ஓடவில்லை. என்னை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு ஊற்றினால் சித்தப்பா அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். அவர் படியில் நின்று, டின்னை மட்டுமாவது கொடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தார். பதினான்கு பேருக்கு ஊற்றியபின் தருகிறேன் என்றேன். எண்ணெய் அளக்கும் குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டு மணிக்குக் கடை மூடவேண்டும், மறுநாள் ஞாயிறு.

முதலில் சிரித்தவர்கள் பத்தரை மணிக்குச் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். முன்னால் இருந்த ஒரு பெரியவர், “நல்லாப் படிக்கறீங்க சாமி. நீங்க படிக்கறதுக்கு நாங்க கால் கடுக்க நிக்கோணுமா?” என்றார். அந்த அம்மாதான் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் பேசினார்.

“மக பெத்துக் கெடக்கறா சாமி. பச்சப்புள்ள ஊடு, மூணு நாளா இருட்டுல கெடக்குது. நீங்க வாங்கிட்டுப் போனாத்தான் எங்களுக்கு ஊத்துவாரு.”

“அதுக்குத்தானுங்க உங்களை முன்னாடி போகச் சொல்றேன்” என்றேன்.

இன்றைக்கும் கேட்கிறேன், இதில் என்ன தவறு? ஒன்பது வயதுப் பையன் சொன்னதில் ஒரு ஓட்டை காட்டச் சொல்லுங்கள். இதுவரை யாரும் காட்டவில்லை. சிரிக்க மட்டும் செய்கிறார்கள்.

பதினொன்றேகாலுக்குச் சித்தப்பா சைக்கிளில் வந்தார். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். சைக்கிளை நிறுத்தாமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டே கேட்டார்.

“ஏன்டா, ஒரு டின் எண்ணெ வாங்கறதுக்கு உனக்கு ரெண்டு மணி நேரமா?”

“எனக்கு முன்னாடி பதினாலு பேரு இருக்காங்க சித்தப்பா.”

“எங்கடா இருக்காங்க? ஒருத்தரையும் காணமே.”

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். சைக்கிளைக் கண்டதுமே பதினான்கு பேரும் வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டிருந்தார்கள். எனக்கும் பீப்பாய்க்கும் நடுவில் வெறும் ஈரமண். நான் டின்னைத் தூக்கிக்கொண்டு மரத்துக்கு அந்தப் பக்கம் போய் அவர்களுக்குப் பின்னால் நின்றேன். சித்தப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு முன்னால் நிற்க யாருக்குத் துணிச்சல் வரும்? கலைந்து ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கினார்கள். நான் யாருக்குப் பின்னால் நிற்பது என்று தெரியாமல், அந்த அம்மாவைத் தேடிப்போய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

அதுதான் சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்து, “பையனுக்கு நீதான் சொல்லிக் குடுத்தியா?” என்றார்.

“ஐயோ, இல்லீங்க சாமி.”

“டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க” என்றேன் நான், சத்தமாக.

சித்தப்பா என் கையிலிருந்து டின்னைப் பிடுங்கினார். படியேறிப் போய் நிரப்பிக்கொண்டார். கடைக்காரரிடம், இன்று இதற்குமேல் யாருக்கும் ஊற்ற வேண்டாம் என்றார். கடைக்காரர் தலையாட்டினார், கதவு சாத்தப்பட்டது. பதினான்கு பேரும் திரும்பிப் போனார்கள். அந்த அம்மா காலிப் பாட்டிலை முந்தானைக்குள்ளேயே வைத்துக்கொண்டு போனார். என் காதைப் பிடித்துச் சித்தப்பா இழுத்துக்கொண்டு போகும்போதும் எனக்குள் பெருமைதான். ஒருவரைக்கூட நான் முந்தவில்லை.

திங்கட்கிழமை டீச்சரிடம் முழுவதும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

“அந்த அம்மாவுக்கு எண்ணெய் கிடைச்சுதா?”

“இல்லீங்க டீச்சர். ஆனா நான் கோட்டை விட்டு நகரவே இல்லை.”

டீச்சர் பாராட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். அன்று பகலே சித்தப்பாவும் இன்னும் சிலரும் தலைமையாசிரியரிடம் வந்து, கோடு போடுவதெல்லாம் பள்ளிக்கூடக் காம்பவுண்டுக்குள் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாள் டீச்சர் அழிந்துபோயிருந்த கோட்டைப் புதிதாகப் போட்டார். அது வாசலைத் தாண்டி, படியிறங்கி, சிமெண்டு நடைபாதை வழியாகக் காம்பவுண்டு வாசலின் கல்தூண்வரை போயிற்று. அதற்குமேல் மண், சாக்பீஸ் பிடிக்கவில்லை.

வீட்டில் சித்தப்பா எனக்கு ஒரு நிபந்தனை வைத்தார். இனிமேல் கடையில் முன்னால் போவேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இல்லாவிட்டால் தீபாவளிக்குத் துணி கிடையாது. அம்மா சமையலறைக்குள் கூப்பிட்டு, “ஒரு வார்த்தைதானே, சொல்லீரு சாமி” என்று என் தலையைத் தடவினாள். சொல்லவில்லை. தீபாவளியன்று தம்பிமார் எல்லாரும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வெடித்தார்கள். நான் பழைய சட்டையில் அவர்களைவிட அதிகம் வெடித்தேன். இன்றும் அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை.

அந்த அம்மா அப்போது எங்கள் காட்டில் இல்லை. கடலைக்காய் பிடுங்கும் காலம் முழுவதும் அவரைச் சித்தப்பா வேலைக்குக் கூப்பிடவில்லை. கார்த்திகை பிறந்தபின் திரும்ப வந்தார். வரப்பில் என்னைக் கண்டால் முன்பு ஓரமாக ஒதுங்குவார். இப்போது வரப்பைவிட்டுச் சேற்றில் இறங்கி, நான் போகும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கோபமாக வந்தது. நானும் அவரும் சேர்ந்துதான் சித்தப்பாவை எதிர்த்தோம் என்று நினைத்திருந்தேன். அதற்காகப் புதுத்துணி இல்லாமல் இருந்தவனைப் பார்த்து ஒரு சிரிப்புகூடச் சிரிக்காமல் இவர் ஏன் சேற்றில் இறங்குகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடிகிறவன் அந்த வரிசையில் நான் ஒருவன்தான் என்பது தெரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

அவருக்கு எத்தனை நாள் கூலி போயிற்று, அந்தப் பிள்ளை எத்தனை நாள் இருட்டில் கிடந்தது என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இப்போது கேட்க ஆளில்லை. என் செலவு மட்டும் தெரியும். தம்பிக்கு எடுத்த அதே துணி, அதே தையல்காரர்: சட்டை, கால்சட்டை, தையற்கூலி எல்லாம் சேர்த்து இருபத்திரண்டு ரூபாய் எழுபத்தைந்து பைசா.