மூன்றாவது விபத்து

"ரெண்டுதாங்க இருக்கு," என்றார் பொறியாளர், கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே. "அஞ்சு வருஷத்துல மூணு விபத்து பதிவாகியிருந்தாத்தான் வேகம் முப்பதுங்கற போர்டை நிரந்தரமா வைக்க முடியும். விதி அப்படி. இல்லைன்னா அம்பதுதான்."

நகராட்சிக் கூட்ட அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் கிறீச்சிட்டன. தெருக்காரர்கள் இருபது பேர் வந்திருந்தார்கள். கையில் மனுவோடு முன்னால் நின்றவர் ஓய்வுபெற்ற தபால்காரர். எதையும் சுருக்கமாகச் சொல்ல வராதவர் என்பதால் தெருவில் அவருக்குத் தந்தி என்று பெயர்.

"போர்டு வெச்சு ரெண்டு வருஷமாச்சு. அதுக்கப்புறம் அந்த வளைவுல ஒண்ணும் நடக்கலையே, பெரியவரே," என்றார் பொறியாளர்.

"போர்டு இருக்கறதாலதான் சார் நடக்கலை! குடை பிடிச்சவன் நனையலைங்கறதுக்காகக் குடையைப் பிடுங்கிடுவீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். பொறியாளரும் சிரித்தார். பிறகு கோப்பைப் பார்த்து, "ரெண்டுதான் இருக்கு," என்றார் மறுபடியும்.

மூன்றாவது வரிசையில் இருந்த தையல்காரி சிரிக்கவில்லை. மூன்றாவது விபத்து அவளிடம் இருந்தது.

வளைவுக்கு நேர் எதிரே அவள் வீடு. முன்னறைதான் கடை. வெளிச்சத்துக்காக மெஷினை ஜன்னலோரம் போட்டிருந்தாள். இருபத்திரண்டு வருடத் தையல். யார் எதைத் தைக்கக் கொடுத்தாலும் கேட்காமலே உள்பக்கம் ஒரு பாக்கெட் வைத்துவிடுவாள். "இது எதுக்கு டெய்லரம்மா?" என்றால், "இருக்கட்டும், கையை எங்கதான் வெச்சுக்கறது?" என்பாள். பஸ் டெப்போவில் டயர் மாட்டும் வேலையில் இருந்த அவள் கணவர், "நம்ம கம்பெனியில பாக்கெட்தான் பிரதானம், துணி இலவசம்" என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பார்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு சாயங்காலம் முன்னறை பல்பு போய்விட்டது. மழை. நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றார் அவர். ஓரம் அடிக்க வேண்டியது நாலு உருப்படி கிடக்கிறது, இப்போதே வேண்டும் என்றாள் அவள். போனார். வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது வளைவில் ஸ்கூட்டர் அடித்துத் தூக்கிப் போட்டது. மழைக்குக் கடைகள் ஷட்டரை இறக்கியிருந்த நேரம், தெருவில் ஈ காக்கை இல்லை. சத்தம் கேட்டு அவள் ஓடினாள். ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றவன் அவளுடைய அக்காவின் மகன். அரசு பஸ் டிரைவர் வேலைக்கு உத்தரவு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

அவள் மடியில் தலை வைத்துக் கிடந்தவர் நன்றாகத்தான் பேசினார். "பையன் பேரை இழுக்காதே. படியில வழுக்கிட்டேன்னு சொல்லிடு. எனக்கு ஒண்ணும் ஆகலை."

ஆஸ்பத்திரியில் கேட்டபோது அப்படியே சொன்னாள். எழுதிக் காட்டிய இடத்தில் கையெழுத்தும் போட்டாள். இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆறாம் நாள் தலைக்குள் ரத்தம் கட்டிச் செத்துப்போனார். அதற்குப் பிறகு எதை மாற்றிச் சொல்வது? அக்கா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். "போனவர் போயிட்டாருடி. இருக்கறவனையும் அனுப்பிடாதே."

விஷயம் மூன்று பேருக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து பையன் அந்த வளைவு வந்தால் வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போவான். தெருக்காரர்கள் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறான் என்று கேலி செய்தார்கள். ஜன்னல் வழியே அவள் பார்ப்பாள். அவன் நிமிர மாட்டான். சில நாள், "சித்தி, சாப்டியா?" என்று தரையைப் பார்த்துக் கேட்பான். கோபமாக வரும். அவன் போன பிறகு பாவமாக இருக்கும்.

இப்போது புறவழிச்சாலையிலிருந்து வரும் வண்டிகளை அந்தத் தெரு வழியாகத் திருப்பப் போகிறார்கள். அதற்குத்தான் ஐம்பது. வளைவில் ஐம்பதில் வரும் வண்டி எங்கே போய் நிற்கும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த இடத்தில்தான் அவர் கிடந்தார்.

"வேற யாராவது ஏதாவது சொல்லணுமா?" என்றார் பொறியாளர்.

எழுந்திருக்கப் போகிறோம் என்று அவளே நினைத்திருக்கவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உட்காரு," என்றாள், உதடு அசையாமல்.

"மூணு இருக்கு சார்," என்றாள் தையல்காரி. "என் வீட்டுக்காரர் படியில விழலை. அந்த வளைவுலதான், வண்டி மோதிச்சு."

பொறியாளர் தேதி கேட்டார். எழுத்தர் உள்ளே போய் இறப்புப் பதிவுக் கோப்போடு வந்தார்.

"படியில் வழுக்கி விழுந்ததாக மனைவி வாக்குமூலம்," என்று வாசித்தார் பொறியாளர். "கையெழுத்து உங்களோடதாம்மா?"

"என்னோடதுதான். அன்னிக்குப் பொய் சொன்னேன்."

"அன்னிக்குச் சொன்னது பொய்னா, இன்னிக்குச் சொல்றதை எதை நம்பி எழுதறது? போர்டுக்காகச் சொல்றீங்கன்னு நாளைக்கு ஒருத்தன் கேட்டா?" அவர் குரலில் கடுமை இல்லை. "சரி, யாரோட வண்டி? நம்பர் தெரியுமா? அதைச் சொல்லுங்க, போலீசுக்கு எழுதிப் போடறேன். கேஸைத் திறந்தாங்கன்னா இதையும் சேர்த்துக்கலாம்."

அவள் வாயைத் திறந்தாள். பத்து நாள் பழைய உத்தரவை எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்த பையன் ஞாபகத்துக்கு வந்தான். மடியில் கிடந்தவரின் முகமும்.

"தெரியாது சார்," என்றாள்.

அக்கா எழுந்தாள். நாற்காலியைத் தள்ளிவிட்டு, யார் காலையோ மிதித்துக்கொண்டு வெளியே போனாள். இருபது பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு தையல்காரியைப் பார்த்தார்கள்.

பொறியாளர் ஐம்பது என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் அக்கா நின்றிருந்தாள்.

"பையன் பேரை நான் சொல்லலைக்கா."

"நீ வேற சொல்லணுமா? ஊரே என்னைத்தானே பார்த்துச்சு. அவரே வேணாம்னு சொன்னாரேடி. சாகறவர் சொன்னதைவிட உனக்கு ஒரு தகரம் பெரிசாப் போச்சு. அதுவாவது கிடைச்சுதா?"

"இல்லை," என்றாள் தையல்காரி.

"இனிமே என் வீட்டுப் பக்கம் வராதே."

தந்தி கொஞ்ச தூரம் அவளோடு நடந்து வந்தார். மேல்முறையீடு செய்யலாம் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ஒன்பதரைக்கு நகராட்சி வண்டி வந்தது. ஆட்கள் இரண்டு பேர். ஏணி குட்டையாக இருக்கிறது, ஸ்டூல் கிடைக்குமா என்று கேட்டார்கள். கொடுத்தாள். முப்பதைக் கழற்றி ஐம்பதை மாட்டப் பத்து நிமிடம் ஆனது. குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள், அதையும் கொடுத்தாள். பதினோரு மணிக்குத் தந்தி மேல்முறையீட்டு மனுவோடு வந்தார். ஆறு பக்கம். படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். மத்தியானம் இரண்டு ரவிக்கை வெட்டினாள். நாலு மணிக்கு அக்கா வீட்டு வேலைக்காரப் பெண் வந்து, தைக்கக் கொடுத்திருந்த துணிகளைத் திருப்பிக் கேட்டாள். தைத்தது இரண்டு, தைக்காதது ஒன்று. மூன்றையும் மடித்துக் கொடுத்தாள். பையன் வேலைக்குப் போகவில்லை என்று அந்தப் பெண் சொன்னாள். ஆறு மணிக்குக் கடையைச் சாத்தினாள்.