மலையிறங்கிய மின்சாரக் கார்

பொன்மணிக்கு வாழ்க்கையில் இரண்டு பெருமைகள். விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனியில் அத்தனை வருடம் வெடிமருந்தோடு மல்லுக்கட்டியும் உடம்பில் ஒரு தீக்காயம் கிடையாது என்பது ஒன்று. அந்த வேலையை விட்டபின் வாங்கிய வெள்ளை மின்சாரக் கார் மற்றொன்று. சிவகாசித் தெருக்களில் அதை வாடகைக்கு அவளே ஓட்டினாள்.

அந்த ஜனவரியில் பக்கத்து வீட்டு இன்பம் டீச்சரும் அவளும் கொடைக்கானல் போனார்கள். அங்கே நர்ஸாக இருக்கும் டீச்சரின் மகள் ஆஷ்லினுக்குச் சனிக்கிழமை மாலை சிவகாசி சர்ச்சில் நிச்சயதார்த்தம். பெண்ணை அழைத்து வருவதற்கு முன், அங்கிருந்து இன்னும் உள்ளே மலைக்கிராமமான மன்னவனூரில் இருக்கும் தன் தங்கையையும் பார்த்துவிட டீச்சருக்கு ஆசை. அந்த ரோட்டுக்குக் கார் வேண்டாம் என்று, ஆஷ்லினின் விடுதிக் கொட்டகையில் அதை விட்டுவிட்டு மூவரும் பஸ்ஸில் போவதாக முடிவாயிற்று.

"குளிருக்கு பேட்டரி சுணங்கிரும் அத்தை. நாம வர்ற வரைக்கும் சார்ஜ்லயே கிடக்கட்டும்" என்று ஆஷ்லின் வயரைச் சொருகினாள்.

பொன்மணி தலையாட்டினாள். ஆனால், மருந்து அறைகளில் பழகிய கையாயிற்றே! ஆளில்லாத இடத்தில் கரண்ட் ஓடினால் அவளுக்குத் தூக்கம் வராது. வெளியூர் போனால் வீட்டு மெயினையே அணைத்து, பிரிட்ஜில் பாலைக் கெடுக்கிறவள். யாரும் பார்க்காதபோது வயரை உருவிச் சுருட்டி வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை திரும்பி வந்தபோது கார் முழுக்கப் பனி வேர்த்திருந்தது. திரையில் முப்பது சதவீதம்.

"வயரைச் சுருட்டுனது யாரு அத்தை?"

"நாந்தாம்மா."

டீச்சர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "மாப்பிள்ளை வீட்டுக்காரக மூணு மணிக்கே வந்துருவாக. பொண்ணு மலை மேல உக்காந்திருக்கு."

"என்னைய எம்புட்டு வேணும்னாலும் வைங்க டீச்சர். வண்டிய வையாதீக."

விடுமுறைக் கூட்டத்தில் வேறு வண்டி கிடைக்கவில்லை. அங்கேயே சார்ஜ் ஏற்றிக் காத்திருந்தால் நிச்சயதார்த்தம் அவ்வளவுதான். மலையடிவாரத்து வத்தலக்குண்டில் வேகமாகச் சார்ஜ் ஏற்றும் இடம் இருக்கிறது. அதுவரை தாங்குமா? துணிந்து கிளம்பினார்கள்.

பின் சீட்டில் டீச்சர் கண்ணை மூடி ஜெபித்தாள். பொன்மணி தன் பங்குக்கு இருக்கன்குடி மாரியம்மனை அழைத்தாள். இருபத்தெட்டுக்கு இறங்கிய எண், சில வளைவுகள் தாண்டியதும் இருபத்தொன்பது என்றது. பிறகு முப்பது.

"அத்தை, இது ஏறுது."

சமதளத்திலேயே ஓடிய காருக்கு இதுதான் முதல் மலையிறக்கம். சரிவில் உருண்ட சக்கரங்களே பேட்டரியை நிரப்பிக்கொண்டிருந்தன. டீச்சர் கண்ணைத் திறந்தாள்.

"ஜெபத்தை நிப்பாட்டாதீக டீச்சர்" என்ற பொன்மணியின் கன்னத்தில் கண்ணீர் வழிய, மூவரும் சிரித்த சிரிப்பில் ரோட்டோரக் குரங்குகள் திரும்பிப் பார்த்தன. வத்தலக்குண்டில் சார்ஜ் ஏறும் நேரத்தில், ஆஷ்லின் காருக்குள்ளேயே பட்டுச்சேலைக்கு மாறினாள்.

சர்ச் வாசலில் மாப்பிள்ளை மாணிக்கராஜின் அம்மா காத்திருந்தாள். "பொண்ண எங்கன ஒளிச்சு வச்சிருந்தீக?"

"மலையில பழுக்க வச்சுக் கொண்டாந்தோம் மதினி" என்றாள் பொன்மணி.

பெண் வீட்டார் எழுந்து நிற்கலாம் என்று போதகர் அழைத்தபோது அவள் கடைசி பெஞ்சில் ஒடுங்கியிருந்தாள். ஆஷ்லின் திரும்பிப் பார்த்து, "அத்தையும் வரணும்" என்றாள்.

நெற்றி நிறையத் திருநீறோடு, கசங்கிய சேலையோடு, டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு பொன்மணி முன்வரிசையில் எழுந்து நின்றாள்.