வெறுந்தாளில் செய்த சோதனை

இருநூற்றுப் பதினொன்று, இருநூற்றுப் பன்னிரண்டு என்று உதடு மட்டும் அசைய, ஒரு விரல் அகலக் காகிதப் பட்டையை ஒரே மடிப்பில் முன்னும் பின்னுமாக மடித்துக்கொண்டிருக்கிறார் லியாகத் அலி. அது அறுந்து விழும்வரை வாடிக்கையாளர் நிற்கத்தான் வேண்டும்.

புனே ரவிவார் பேட்டையில் காகிதக் கடை. சொந்த ஊர் மேலப்பாளையம். எந்தத் தாள் எத்தனை காலம் தாங்கும் என்று பார்க்க, கடையின் தகரக் கூரைமேல் கம்பியில் கோத்த பட்டைகள் வெயில் காயும். ஒவ்வொன்றிலும் ஆலையின் பெயர், தேதி. சிலவற்றை வீட்டு இட்லிப் பானையின் ஆவியில் வைத்தெடுப்பார். அந்தப் பானையில் இட்லி அவிக்க அவர் மனைவி ஜொஹ்ரா மறுத்து வெகுகாலமாகிறது.

"படிச்சுட்டுப் போடதுக்கா, வச்சுக்கிடதுக்கா?" என்று கேட்காமல் அவர் தாளை எடுப்பதில்லை.

"பேப்பர் வாங்க வந்தா பொண்ணு பாக்க வந்த மாதிரி கேக்கீங்களே பாய்," என்றார் ஒருநாள் பள்ளி ஆசிரியர் சுந்தரமூர்த்தி.

"பொண்ணு பாக்க ஒரு நாள் போதும் சார். இதுக்கு ஒரு மழக்காலமாச்சும் வேணும்லா."

1962இல், எங்கள் குடும்பப் பதிவேட்டை நகலெடுக்கத் தாள் கேட்டுப் போனேன். பதிலுக்கு அவர், ஜமாஅத்தில் நடக்கும் திருமணங்களைப் பதியும் நிக்காஹ் புத்தகத்தை விரித்துக் காட்டினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குமுன் அவரே சோதித்துக் கொடுத்த தாள். ஓரங்கள் இன்றும் உறுதி. ஆனால் மணமக்களின் பெயரை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக இருமுறை தடித்தெழுதுவது அந்த ஜமாஅத்தின் வழக்கம். கருநீல மையிலிருந்த அமிலம் அந்த இடங்களையே அரித்திருந்தது. பக்கத்தைப் புரட்டினால் பெயர்கள் பொடியாக உதிர்ந்தன.

"வெயில்ல போட்டேன், ஆவியில வச்சேன், ஆயிரம் தடவ மடிச்சேன். ஒரு எழுத்து எழுதிப் பாக்கலியே. வெறுந்தாளத்தான சோதிச்சேன்."

உதிர்ந்தவற்றுள் ஒன்று ஹசீனாவின் பெயர். அவள் கணவர் தாவூத் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து, நோயில் இறந்தவர். தொழிற்சாலை தந்த குடியிருப்பை அவளுக்கே விட்டுவைக்க அலுவலகம் திருமணச் சான்று கேட்டது. நிக்காஹ் சாட்சிகளில் ஒருவர் காலமாகிவிட்டார். மற்றவரான காசிம், நகருக்கு வெளியே ஆகுர்டியில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். லியாகத் அலி மழையில் பன்னிரண்டு மைல் சைக்கிள் மிதித்துப் போய், அவர் சொன்னதைப் புதுத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி வந்தார்.

நான் கடையில் இருந்தபோதே ஹசீனா அதைப் பெற வந்தாள். படிக்கச் சொல்லி இருமுறை கேட்டாள்.

"இதாச்சும் நிக்குமா சாச்சா?"

"ஆபீசுக்குப் போதும் மவளே."

அவள் நகரவில்லை. "எம் புள்ளைய காலத்துக்கு?"

அவர் அதே தாளிலிருந்து நறுக்கி வைத்திருந்த பட்டையை எடுத்தார். காசிமின் சொல்லை எழுதிய அதே மையைத் தொட்டு, அவள் பெயரை இருமுறை தடித்தெழுதி, ஈரம் காயும்வரை ஊதினார். பிறகு பெயரின் நடுவே மடித்து, ஒன்று என்று உதட்டை அசைத்தார்.