பல்புக்குள் பைலட்

என்னைப் பெண் பார்க்க வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. நான் செய்த ஹெலிகாப்டரைப் பார்த்தார். இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. முழுசாகச் சொல்கிறேன், பிறகு வேண்டுமானால் சிரியுங்கள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் வீடு. அப்பா இல்லை. அம்மா ஓய்வு பெற்ற தமிழ் டீச்சர். நான் பெண்கள் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். தம்பி கல்லூரிக்குப் போய்வந்துகொண்டிருந்தான். படித்தான் என்று சொல்ல மாட்டேன். எனக்கு இருபத்தேழு வயது. சபையில் உடம்பு சரியில்லாதவர்களுக்காக ஜெபிக்கும்போது என் கல்யாணத்தையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்வார்கள். காய்ச்சல்காரர்கள் எல்லோரும் குணமாகி வீட்டுக்குப் போனார்கள். நான் பட்டியலிலேயே இருந்தேன்.

அந்த வருஷம், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான லெந்து காலத்தில் எங்கள் பக்கத்து டூரிங் டாக்கீஸில் ஒரு படம் வந்தது. முடிவில் ஹீரோ ஹெலிகாப்டரில் ஏறி வில்லனைத் துரத்துவார். தம்பி அந்த ஹீரோவின் பரம பக்தன். லெந்து நாளில் சினிமா என்றால் அம்மா தோலை உரித்துவிடுவாள் என்பதால், எனக்கு டியூஷன் இருப்பதாகவும் தான் துணைக்கு வருவதாகவும் பொய் சொல்லி என்னை இழுத்துக்கொண்டு போனான். அவன் ஹீரோவைப் பார்த்தான். நான் ஹெலிகாப்டரைப் பார்த்தேன். தாம்பரத்துப் பக்கம் வளர்ந்தவளுக்குத் தலைக்கு மேல் விமானச் சத்தம் புதிதில்லை. ஆனால் இவ்வளவு கிட்டத்தில் ஒன்றின் முகத்தைப் பார்த்ததில்லை. கண்ணாடிக் குமிழ் மாதிரி முகம், எலும்பெலும்பாகத் தெரியும் வால். இதைச் செய்து பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஏன் தோன்றியது என்று கேட்காதீர்கள். சிலருக்கு ஒயர் கூடை பின்னத் தோன்றுகிறது. அவர்களை யாராவது கேட்கிறார்களா?

அந்தப் படத்தை ஐந்து தடவை பார்த்தேன். டாக்கீஸில் ஒரே மெஷின் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போடுவார்கள். அதுவரை பார்த்ததையெல்லாம் அந்த வெளிச்சத்தில் நோட்டில் வரைந்துகொள்வேன். பெண்கள் பக்கம் என்னருகே மணலில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒரு நாள் பொறுக்க மாட்டாமல் கேட்டாள்.

"இன்னாம்மா, படம் பாக்க வந்தியா, கணக்கு எழுத வந்தியா? தலைவரு மூஞ்சியப் பாக்காம தகரத்தையே பாத்துகினு கீறியே!"

அது தகரம்கூட இல்லை என்பது எனக்கு மூன்றாவது தடவையில்தான் தெரிந்தது. படத்தில் இருந்தது ஒரு ஹெலிகாப்டர் இல்லை, மூன்று. தரையில் நிற்பது ஸ்டூடியோவில் பலகையால் அடித்தது. ஹீரோ சாய்ந்தால் லேசாக ஆடும். வானத்தில் பறப்பது எந்த ஊரிலோ யாரோ எடுத்த துண்டுப் படம். அதற்குக் கதவே கிடையாது. கடைசியில் வெடிப்பது பொம்மை. கட்டித் தொங்கவிட்ட நூல் தெரியும். கதவோடு கிளம்பி, கதவில்லாமல் பறந்து, நூலோடு செத்துப் போயிற்று. ஜனங்கள் விசில் அடித்தார்கள். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். இந்த மூன்றில் எதைச் செய்வது? ஆற அமர யோசித்து, நிற்பதையே செய்வதென்று முடிவு செய்தேன். அதைத்தான் அதிக நேரம் காட்டினார்கள். பறக்காத ஹெலிகாப்டருக்கு இத்தனை உண்மையாக இருந்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அளவு வேண்டுமே! நிஜத்தில் அது எத்தனை அடி என்று தெரிந்தால்தானே சின்னதாக்க முடியும். பக்கத்தில் நிற்கும் ஹீரோவின் உயரத்தை வைத்துக் கணக்குப் போடலாம் என்று நினைத்தேன். தம்பி ஆறடி என்று சத்தியம் செய்தான். ஆனால் அந்த மனிதர் காட்சிக்குக் காட்சி வளர்ந்தும் குறுகியும் போனார். ஹீரோயின் பக்கத்தில் ஓர் உயரம், வில்லன் பக்கத்தில் இன்னோர் உயரம். நம்பிக்கையான ஒரு பொருளைத் தேடினேன். ஹெலிகாப்டருக்குக் கீழே ஒரு மண்ணெண்ணெய் டின் இருந்தது. அதே டின் எங்கள் சமையலறையிலும் இருந்தது. இஞ்ச் டேப்பை எடுத்து எங்கள் டின்னை அளந்தேன். டின் கணக்கில் வால் நீளம், கண்ணாடி அகலம், கதவு உயரம் எல்லாம் வந்துவிட்டன. கூடவே ஹீரோவின் உயரமும் வந்தது. ஐந்தடி மூன்றங்குலம்.

தம்பி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கண்ணாடி முகத்துக்கு ஃபியூஸ் போன பல்பு. அதன் அடிப்பக்கத்தைக் குறடால் மெல்ல உடைத்து உள்ளே இருந்த கம்பிகளை வெளியே எடுத்தேன். மூன்று பல்பு உடைந்தது, நான்காவது பிழைத்தது. பல்பின் அளவுக்கு நிஜத்தை இருபத்தைந்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டியிருந்தது. உடம்புக்கு நெட்டி. பொங்கலுக்கு மாட்டுக்கு மாலை கட்டுவார்களே, பஞ்சு மாதிரி வெட்டுப்படும் வெள்ளைத் தண்டு, அதுதான். பள்ளிக்கரணை சதுப்பிலிருந்து கொண்டுவந்து விற்கும் பெண்ணிடம் மிச்சமிருந்த கட்டு முழுவதையும் வாங்கினேன். "எத்தினி மாடும்மா வச்சிகினு கீற?" என்று கேட்டாள். வாலுக்குத் துடைப்பக் குச்சிகள், குறுக்கும் நெடுக்குமாக. கால்களுக்குப் பழைய குடைக்கம்பி. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளில் தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவால் புள்ளி புள்ளியாக அழுத்தினால் ஆணி அடித்த தகடு வந்துவிடும். சிகரெட் பெட்டி எங்கிருந்து வந்தது என்று தம்பியை நான் கேட்கவில்லை. புகைபோக்கியைச் சுற்றிக் கரி படிந்த மாதிரி கண்மையைத் தேய்த்துவிட்டேன். அழுக்கு வந்த பிறகுதான் அது பொம்மையாக இல்லாமல் போயிற்று. அந்த மையைக் கண்ணுக்கு இட்டுக்கொண்ட நாளில்கூட நான் இவ்வளவு நேரம் கண்ணாடி முன் நின்றதில்லை.

கடைசியில் பைலட். பல்பின் வாய் ஒரு காலணா அகலம்கூட இராது. இருக்கை, உடம்பு, தலை, வலக்கை, இடக்கை என்று ஐந்து துண்டாக நெட்டியில் செதுக்கி, கொண்டை ஊசியை நிமிர்த்தி அதன் முனையில் ஒவ்வொன்றாகக் குத்தி உள்ளே அனுப்பி, கோந்து வைத்து ஒட்டினேன். ஒரு நாளைக்கு ஒரு துண்டு. தலை ஒட்டின அன்று பள்ளிக்கூடத்தில் என்னையறியாமல் பாடிக்கொண்டிருந்தேன் என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

எல்லாம் முடிந்து மேஜைமேல் வைத்தபோது எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. யார் செய்தது என்று ஒருவர் கேட்க வேண்டும், நான் என்று சொல்ல வேண்டும். வேறு எந்தப் பெருமையும் கேட்கவில்லை.

அதற்குள் நான் ஐந்து தடவை சினிமா பார்த்த சங்கதி அம்மாவின் காதுக்குப் போய்விட்டது. சபையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னவரும் அன்று அதே டாக்கீஸில்தானே இருந்திருக்க வேண்டும் என்று கேட்டேன். அம்மாவுக்கு அந்த நியாயம் ஏறவில்லை.

"லெந்துல சினிமா! அதுவும் அஞ்சு தடவை! ரம்பமும் குறடுமா உக்காந்திருக்கிற பொண்ணை எவன்டி கட்டுவான்? யாராவது கேட்டா தம்பி செஞ்சான்னு சொல்லிடு."

"ஏம்மா, நான் செஞ்சதை..."

"வாயை மூடு. எனக்கப்புறம் உனக்கு யாரு இருக்கா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் அம்மாவின் ஆயுதம். அம்மா அதை எங்கே எடுத்து வீசினாலும் நான் அடங்கிப்போவேன். அன்றும் அடங்கினேன்.

சில வாரத்தில் பல்லாவரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வங்கியில் வேலை. தாய்மாமன் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவராம். இதைக் கேட்டதும் அம்மா, கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்த ஹெலிகாப்டரை எடுத்து ஷோகேஸ் நடுவில் வைத்தாள். அதன் இரண்டு பக்கமும், என் கைவேலை என்று காட்டுவதற்காக, அடுத்த தெரு டீச்சர் செய்த ஒயர் அன்னமும் பைபிள் வசனம் தைத்த எம்பிராய்டரி சட்டமும் இரவலாக வந்து உட்கார்ந்தன. நான் செய்தது தம்பி பெயரில், அடுத்த தெரு டீச்சர் செய்தது என் பெயரில். அந்த ஷோகேஸில் நிஜமான பெயரில் இருந்தது கண்ணாடி மட்டும்தான்.

வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, மாமா. ஸ்தோத்திரம் சொன்னார்கள், உட்கார்ந்தார்கள், ஜெபித்தார்கள். ஆமென் சொல்லிக் கண் திறந்த மாப்பிள்ளையின் பார்வை ஷோகேஸில் போய் விழுந்தது. அங்கேயே இருந்தது. நான் தலை நிறையக் கனகாம்பரத்தோடு காபித் தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறேன், மனிதர் தட்டைத் தடவித் தம்ளரை எடுத்தார்.

"பேட்டரி போட்டா சுத்துமா?" என்று கேட்டார். ஸ்தோத்திரமும் ஆமெனும் போக, அன்று அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அது என் பையன் செஞ்சது. ரொம்பக் கெட்டிக்காரன்" என்றாள் அம்மா. தம்பி வெட்கப்பட்டான். படுபாவி, என்ன அழகாக வெட்கப்பட்டான்!

மாப்பிள்ளையின் அம்மா சிரித்தாள். "எங்க பையனுக்கு இதுன்னா உயிரு. போகும்போது எடுத்துட்டுப் போறோமே? இனிமே எல்லாம் ஒரே குடும்பம்தானே."

"தாராளமா!" என்றாள் அம்மா.

மாமா எழுந்து போய் ஹெலிகாப்டரைக் கையில் எடுத்தார். எடுத்த விதத்திலேயே தெரிந்தது, இவர் பொருளை மதிக்கத் தெரிந்தவர் என்று. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தம்பியைக் கேட்டார்.

"ஏம்ப்பா, பல்புக்குள்ள பைலட்டை எப்படி உக்கார வச்ச?"

தம்பி திருதிருவென்று விழித்தான். "மொதல்ல பைலட்டை வச்சிட்டு... அப்புறம் பல்பை ஊதினேன் அங்கிள்."

"ஊதினியா? வீட்லயா?"

"ஆமா அங்கிள். ஸ்டவ்வுல."

நான் தட்டைக் கீழே வைத்தேன். "அவன் ஊதலை சார். அதை நான்தான் செஞ்சேன்."

சொல்லிவிட்டால் போதாது, காட்ட வேண்டும் என்று பட்டது. தலையில் கை வைத்துக் கொண்டை ஊசியை உருவினேன். கனகாம்பரம் மொத்தமும் தரையில் விழுந்தது. ஊசியை நிமிர்த்தி, இது இருக்கை, இது உடம்பு, அப்புறம் தலை, அப்புறம் வலக்கை, இடக்கை என்று சொல்லிக்கொண்டே போனேன். மாமா குனிந்து கேட்டார். பிறகு சொன்னார், "எல்லாம் சரிம்மா. வால்ல இருக்கிற விசிறி எதிர்ப்பக்கம் இல்ல இருக்கணும்?"

"படத்துல இந்தப் பக்கம்தான் சார் இருக்கு."

"நல்லாப் பாத்தியா?"

"அஞ்சு தடவை பாத்தேன் சார்."

மாப்பிள்ளையின் அம்மா செருமினாள். அந்தச் செருமலோடு கூட்டம் முடிந்தது. அவசரத்தில் ஹெலிகாப்டரை மறந்துவிட்டுப் போனார்கள். அம்மா தரையில் கிடந்த பூவைப் பொறுக்கினாள். என்னைத் திட்டவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

பத்து நாளில் கடிதம் வந்தது. பெண் நல்ல பெண்தானாம். ஆனால் சினிமாப் பழக்கமும் ஆண்பிள்ளை வேலையும் உள்ள பெண் தங்கள் குடும்பத்துக்கு ஒத்துவராதாம். கீழே ஒரு பின்குறிப்பு. ஹெலிகாப்டர் தங்கள் மகனுக்கு மிகவும் பிடித்துவிட்டதாம். கொடுப்பதாக அன்று ஒப்புக்கொண்டபடியால் வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து அவரே வந்து பெற்றுக்கொள்வாராம்.

அம்மா அதை இரண்டு தரம் படித்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"பொண்ணு ஆகாதாம். பொண்ணு செஞ்சது மட்டும் ஆகுமாம். என்ன நெஞ்சழுத்தம்டி இவங்களுக்கு!"

ஞாயிற்றுக்கிழமை அவர் ஸ்கூட்டரில் வந்தார். கையில் ஓர் அட்டைப்பெட்டி, உள்ளே உடையாமலிருக்க வைக்கோல். நல்ல மனிதர்தான், பொருளைப் பத்திரமாகக் கொண்டுபோகத் தெரிந்தவர். வாசலில் நின்று, "அந்த ஹெலிகாப்டர்..." என்றார்.

"வாங்க தம்பி, உக்காருங்க" என்றாள் அம்மா. ஷோகேஸைத் திறந்து ஹெலிகாப்டரை எடுத்து அவர் கண் முன்னால் பிடித்தாள். அவர் பெட்டியை நீட்டினார். அம்மா கொடுக்கவில்லை. இன்னொரு கையால் தன் கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவினாள்.

"பல்புக்குள்ள பைலட் எப்படிப் போனான் தெரியுமா? அன்னைக்கு நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. மொதல்ல இருக்கை. அது காய ஒரு நாள். அப்புறம் உடம்பு. அப்புறம் தலை. வலக்கை. கடைசியா இடக்கை."

ஒன்றுகூட வரிசை மாறவில்லை. நான் சமையலறைக் கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

"என் பொண்ணு செஞ்சது தம்பி" என்று முடித்தாள் அம்மா. "காபி குடிச்சிட்டுப் போங்க."

அவர் குடித்துவிட்டுப் போனார். போகிற சங்கடத்தில் பெட்டியை மறந்து விட்டுவிட்டார். இரவல் அன்னத்தையும் வசனச் சட்டத்தையும் அதில் வைத்து, அன்று சாயங்காலமே அடுத்த தெரு டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.