மேம்பாலத்தில் நின்ற அவசரப் பை

போன வாரம் இந்தப் பக்கத்தில் உங்களைக் காணோமே என்று சில வாசகர்கள் விசாரித்தார்கள். எழுத உட்கார்ந்தேன், முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. அவ்வளவுதான் காரணம். பயம் இன்னும் முழுசாக விட்டபாடில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்... சொன்னால்தான் நெஞ்சிலிருந்து இறங்கும்.

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இது உங்களுக்குப் புதிய செய்தி அல்ல. அயனம்பாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்தில், மூன்று மாடிக் குடியிருப்பின் முதல் மாடியில் இருக்கிறேன். ஒரு வருடம் பெய்த மழையில், கீழே நிறுத்தியிருந்த என் காரின் ஸ்டீயரிங் வரை தண்ணீர் ஏறியதைக் கண்ணால் பார்த்தவன். அன்றிலிருந்து வானம் லேசாகக் கறுத்தாலே பால்கனிக்கும் வாசலுக்குமாக நடக்க ஆரம்பித்துவிடுவேன்.

பயத்துக்கு என்ன செய்வது? நான் தயாரிப்பில் இறங்கினேன். ரிட்டையர் ஆன பிறகு அதுவே முழுநேர வேலையாகிவிட்டது. பால்கனியில் கற்பூரவல்லி, தூதுவளை, நொச்சி. மணலும் கூழாங்கல்லும் அடுப்புக்கரியும் அடுக்கிய தண்ணீர் வடிகட்டும் டிரம். பாத்திரம் தேய்க்கப் பூந்திக்கொட்டைத் தண்ணீர். நொச்சி, வேப்பிலை இரண்டையும் காயவைத்து, வறட்டித் தூளோடு பிசைந்து நானே உருட்டிய கொசுவிரட்டி — மாவுருண்டை சைஸில், டப்பா டப்பாவாக. என் மனைவி விஜி இதற்கெல்லாம் சேர்த்து ஒரே பெயர் வைத்திருக்கிறாள். "உங்க ஃபேக்டரி."

ஃபேக்டரியின் பெருமை என்றால் அது அவசரப் பைதான். வெள்ளம் வந்தால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய பை. டார்ச், விசில், கயிறு, குளோரின் மாத்திரை, பேரீச்சம்பழம், பிளாஸ்டிக் உறையில் ஆதார், ரேஷன் கார்டு நகல்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முன்பக்க ஜிப்புக்குள் விஜியின் இன்ஹேலர். அவளுக்கு வீசிங் உண்டு. ஈரக்காற்று பட்டாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும். கையில் ஒன்று எப்போதும் இருக்கும். பையில் இருப்பது ஸ்பேர்.

இந்தப் பையை எங்கே வைப்பது? வீட்டில் வைத்தால் கிளம்பும் பதற்றத்தில் மறந்துவிடுவோம். எனவே கார் டிக்கியில் வைத்தேன். என்ன ஒரு முன்யோசனை என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பிலும் நான் சும்மா இருப்பதில்லை. பையில் என்னென்ன இருக்க வேண்டும், தண்ணீரை எப்படிச் சுத்தம் செய்வது, எந்த இலை எந்த வியாதிக்கு... காலை ஒன்று, மாலை ஒன்று என்று போட்டுக்கொண்டே இருப்பேன். ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஆழ்ந்து படிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்!

போன மழைக்கு வருகிறேன். கனமழை என்று டிவியில் சொன்னதும் காரை எடுத்துக்கொண்டு மேம்பாலத்துக்கு ஓடினேன். இது இப்போது நம் ஊர் வழக்கமாகிவிட்டது இல்லையா? தீபாவளிக்குத் துணி எடுப்பது மாதிரி, மழைக்குப் பாலம். அங்கே எனக்கு முன்பே கார்கள் வரிசை கட்டி நின்றன. ஒரு குடும்பம் காரைத் துடைத்து, கவர் போட்டு மூடி, தொட்டுக் கும்பிட்டுவிட்டுக்கூடப் போனது. நானும் ஓரமாக நிறுத்திவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து வீடு வந்தேன். கார் தப்பித்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் மத்தியானம் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். கரண்ட் இல்லை. சாரல் அடிக்கிறது என்று ஜன்னலெல்லாம் சாத்தியிருந்தோம். எங்கிருந்துதான் வந்ததோ, அவ்வளவு கொசு. ஆகா, நம் சரக்குக்கு வேலை வந்துவிட்டது என்று ஒரு உருண்டைக்கு இரண்டு உருண்டையாகக் கொளுத்திவைத்தேன். புகை நன்றாக வந்தது. ரொம்ப நன்றாக வந்தது.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து விஜியின் இருமல். அப்புறம் அந்தச் சத்தம். வீசிங் இருக்கும் வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியும், நெஞ்சுக்குள்ளிருந்து விசில் மாதிரி வரும் அந்தச் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தேன். கட்டில் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினாள். குலுக்கினாள். மறுபடி அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. காலி.

உருண்டையை வாளித் தண்ணீரில் போட்டு ஜன்னல்களைத் திறந்தேன். கற்பூரவல்லி போட்டு ஆவி பிடிக்கலாமா என்றேன். கையாலேயே தள்ளினாள். அப்போதுதான் மின்னல் மாதிரி வந்தது... பை! ஸ்பேர்தான் இருக்கிறதே! சந்தோஷத்தில் வாசல் வரை ஓடிவிட்டேன்.

பை டிக்கியில். டிக்கி காரில். கார் பாலத்தில்.

ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். அனுப்புகிறோம், ஆனால் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு வர நேரமாகும் என்றார்கள். குரூப்பில் போட்டேன்: 'அவசரம். யாரிடமாவது வீசிங் இன்ஹேலர் இருக்கிறதா?' யாரும் பதில் போடவில்லை. ஒரே ஒருவர் மட்டும் கும்பிடு போட்டிருந்தார்.

சரி, நடந்தே போய்விடுவது என்று வேட்டியை மடித்துக் கட்டினேன். அந்தத் தண்ணீரில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் ஆகும். எந்த இடத்தில் பள்ளம், எந்த இடத்தில் மூடி இல்லாத சாக்கடை என்று தெரியாது. வேறு வழி? "விஜி, பயப்படாதே. பையை எடுத்துட்டு இதோ வந்துடறேன்" என்றேன்.

அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். தலையை ஆட்டினாள், வேண்டாம் என்பதுபோல. பேச்சு வரவில்லை. உதடு நீலம் பாரித்த மாதிரி இருந்தது. நான் கையைத் தட்டிக்கொடுத்து, "ஒண்ணும் ஆகாதும்மா" என்றேன். இன்னும் பலமாக ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு. எனக்கும்தான். இத்தனை வருடத்தில் அவள் என்னை அப்படிப் பிடித்து நிறுத்தியதே இல்லை. இவளை இந்த நிலைமையில் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது?

கூட உட்கார யாரையாவது கூப்பிடலாம் என்று எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். ரஹீம் பாய் வீடு. பூந்தமல்லியில் செருப்புக்கடை வைத்திருக்கிறார். நாலு வருடமாக எதிரெதிர் கதவு; லிஃப்டில் பார்த்தால் சிரிப்பு, ரம்ஜானுக்குப் பிரியாணி, பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல், அவ்வளவுதான் பழக்கம். விஜிக்கு வீசிங், இன்ஹேலர் பாலத்தில் இருக்கிறது, நான் போய் எடுத்துவரும்வரை உங்கள் வீட்டம்மாவைக் கொஞ்சம் கூட இருக்கச் சொல்ல முடியுமா என்று உளறிக் கொட்டினேன்.

பாய் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அதுக்கு எதுக்கு சார் பாலத்துக்குப் போற? எங்கிட்டயே கீது. பிரிக்காத புதுசு. நானே எத்தினி வருசமா அத்த இழுத்துகினு கீறேன்."

காலையில் அந்த வீட்டிலிருந்து இருமல் சத்தம் வரும். காதில் விழும். ஒரு நாள்கூட விசாரித்ததில்லை நான்.

உள்ளே போனவர் நீல இன்ஹேலரோடு வந்தார். அதேதான், விஜி எடுக்கும் அதே மருந்து. அவர் மனைவி விஜியை நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைப் பிடித்துக்கொண்டார். "மெதுவா இழுங்கக்கா" என்றார் பாய். இழுத்தாள். கொஞ்சம் விட்டு மறுபடி இழுத்தாள். அந்த விசில் மெள்ள மெள்ளத் தணிந்தது. நான் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆம்புலன்ஸ் தெருமுனைவரைதான் வர முடிந்தது. அதுவரை விஜியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது பாயின் கடைக்குச் சரக்கு ஏற்றும் குட்டி யானை வண்டி. போகும்போது பாய் சங்கடமாகச் சொன்னார்: "உங்க மெசேஜ நான் பாக்கல சார். கோச்சுக்காத... குரூப்ப ம்யூட்ல போட்டு வச்சிகீறேன்." குரூப்பை எதற்காக ம்யூட் செய்தார் என்று நான் கேட்கவில்லை. தெரிந்ததுதானே.

முகப்பேர் ஆஸ்பத்திரியில் டாக்டர் நெபுலைசர் வைத்தார். என் உருண்டையைப் பற்றிச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். மூலிகையாக இருந்தால் என்ன, புகை புகைதானே என்றார். ராத்திரி அங்கேயே வைத்துக்கொண்டு காலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

தண்ணீர் வடிந்ததும் காரை எடுக்கப் பாலத்துக்குப் போனேன். ஒரு கீறல் இல்லை. டிக்கியைத் திறந்தேன். பையும் பத்திரம். டார்ச் எரிந்தது, விசில் ஒலித்தது. முன்பக்க ஜிப்பைத் திறந்தேன்.

ஒன்றுமில்லை. கையை விட்டுத் துழாவினேன். ஒன்றுமே இல்லை.

நடுப்பாலத்தில், வண்டிகள் போய்க்கொண்டிருக்க, டிக்கி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு நடந்து வந்திருந்தால்? இதே ஜிப்பை, இப்படியே திறந்திருப்பேன். அங்கே அவள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்திருப்பாள்.

நாமெல்லாம் எதற்காகப் பை கட்டிவைக்கிறோம்? ஆபத்துக்கு என்று சொல்லிக்கொள்கிறோம். பாதி நம் பயத்தைத் தூங்கவைக்கத்தான். பை இருக்கிறது என்ற நினைப்பே போதுமாக இருக்கிறது. அப்புறம் யார் அதைத் திறந்து பார்க்கிறார்கள்?

அங்கே நின்றபடியே விஜிக்குப் போன் செய்தேன். பையில் இன்ஹேலர் இல்லையே என்றேன்.

"ஆடிக் காத்துலயே என்னோடது தீந்துபோச்சு. பையில இருந்தத எடுத்துக்கிட்டேன். சொன்னேனே உங்ககிட்ட... நீங்க வறட்டி உருட்டிக்கிட்டிருந்தீங்க."

அப்படியானால் அன்றைக்கு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினாயே என்று இழுத்தேன்.

"பின்ன? நீங்க போயிடுவீங்களேன்னா பயந்தேன்? வெறுங்கையோட திரும்பி வருவீங்களேன்னு பயந்தேன்."