பாதி ஏற்றம், முழு உத்தரவாதம்

டீக்கடைத் தொலைக்காட்சியில் பங்குச் சந்தையின் பச்சை அம்புக்குறி மேலே ஏறியபோது எழுந்து நின்று கைதட்டிய ஒரே ஆள் நான். என்னிடம் ஒரு பங்குகூடக் கிடையாது. முன்பின் தெரியாத யாரோ பணக்காரர்கள் மேலும் பணக்காரர்கள் ஆனதற்காக என் கைக்காசில் இன்னொரு டீயும் சொன்னேன். இப்பேர்ப்பட்ட புத்திசாலியின் கையில்தான் அந்தக் கையேடு வந்து சேர்ந்தது.

இரண்டாயிரத்து ஏழு. சந்தைக்கு இறங்கவே தெரியாது என்று எல்லோரும் நம்பிய காலம். தட்டாஞ்சாவடியில் நான் வேலை பார்த்த பட்டறைக்கு ஒரு நிதி நிறுவனத்தின் ஏஜென்ட் வந்து ஆளுக்கொரு கையேடு கொடுத்துவிட்டுப் போனார். சேமிப்புப் பத்திரம். ஐந்து வருடம் பணத்தைத் தொடக் கூடாது. சந்தை ஏறினால் அந்த ஏற்றத்தில் பாதி நமக்கு. விழுந்தால் போட்ட பணம் அப்படியே திரும்பும், அதற்கு உத்தரவாதம். எனக்குப் புல்லரித்துவிட்டது. நனையாமல் கடலில் குளிக்க வழி கண்டுபிடித்துவிட்டார்களே!

வீட்டில் பணமும் இருந்தது. என்னுடையதல்ல, மனைவியுடையது. தவளக்குப்பத்தில் அவள் அப்பா வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றதில் வந்த பங்கு. முன்னறையில் ஒற்றைத் தையல் மிஷினை வைத்துக்கொண்டு ஜாக்கெட் தைத்துவந்தவள், கடைத்தெருவில் காலியாகும் ஒரு கடையைப் பிடித்து இன்னும் இரண்டு மிஷின் போடத் துடித்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமைக்குள் அட்வான்ஸ் தராவிட்டால் கடை வேறு ஆளுக்குப் போய்விடும். பத்திரம் வாங்கவும் திங்கள்தான் கடைசி நாள். சனிக்கிழமை சாயங்காலமே நான் பறந்தேன்.

பறந்து போனது பக்கத்து வீட்டுப் பெரியவரிடம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர்; அதனால் தெருவுக்கே அவர் ‘முசியே’, அதாவது பிரெஞ்சு ஐயா. யூரோவில் பென்ஷன் வாங்குகிறவருக்குப் பண விவகாரம் முழுக்க அத்துப்படி என்பது எங்கள் ஊரின் அசைக்க முடியாத நம்பிக்கை. சீட்டுக் கட்டுவதானாலும் மனை வாங்குவதானாலும் தெருவில் எல்லோரும் முசியேவை ஒரு வார்த்தை கேட்டுவிடுவார்கள். அவர் மைதானத்தில், இரும்புக் குண்டை வீசிக் குறிக்கட்டைக்குப் பக்கத்தில் நிறுத்தும் பெத்தாங் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார். ஒரு கையில் இரும்புக் குண்டு, மறு கையில் என் கையேடு.

"கராந்தின்னு போட்டிருக்கானே தம்பி!" அவர் வாயில் உத்தரவாதம் எப்போதும் பிரெஞ்சில்தான் வரும்.

"ஆமா முசியே!"

"கராந்தின்னா சும்மாவா? எம் பென்ஷன் ஒரு தடவ நின்னிருக்கா?"

"நின்னதே இல்ல முசியே!"

"அப்புறம் இன்னா? போடு!"

சொல்லிவிட்டுக் குண்டையும் போட்டார். அது குறிக்கட்டையைத் தாண்டி உருண்டு சாக்கடையில் விழுந்தது. அவருக்குப் பென்ஷன் அனுப்புவது ஓர் அரசாங்கம். எனக்கு உத்தரவாதம் தருவது போன மாதம் வரை நான் பெயர்கூடக் கேள்விப்படாத ஒரு கம்பெனி. இந்தச் சின்ன வித்தியாசம் எங்கள் இரண்டு மேதைகளுக்கும் தோன்றவில்லை.

மனை விற்ற பணத்தைச் சந்தைப் பத்திரத்தில் போட்டுவிடலாம் என்று வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினேன். மனைவி மிஷினை நிறுத்தாமல் கேட்டாள்.

"விழுந்தா?"

"போட்டது அப்படியே வரும்!"

"எப்போ?"

"அஞ்சு வருஷம் கழிச்சு."

"ஏறினா?"

"ஏறினதுல பாதி நமக்கு!"

"மீதி பாதி?"

"அது அவங்களுக்கு."

"நடுவுல அவசரம்னா?"

"எடுக்க முடியாது."

மிஷின் நின்றது. "சரி, உங்க ஸ்கூட்டர் சாவியக் குடுங்க."

"எங்க போற?"

"எங்கயும் போகல. அஞ்சு வருஷம் எங்கிட்டயே இருக்கட்டும். இதே ஸ்கூட்டர், ஒரு ஆணி கொறையாம திருப்பிக் குடுத்துடறேன். உங்க முசியே சொல்ற கராந்தி. அத வச்சு நான் சம்பாரிச்சா உங்களுக்குப் பாதி. சம்பாரிக்கலன்னா ஸ்கூட்டர் மட்டும்."

"அது எப்படி? அதுக்குள்ள வண்டி பழசாயிடாதா? அதுவரைக்கும் நான் நடந்தா போறது?"

சொல்லி முடித்த பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது என் காதில் விழுந்தது. பணமும் பழசாகும். அதே பணத்தை பாங்க்கில் போட்டால் வட்டி நிச்சயம். இங்கே அந்த வட்டியைப் பந்தயம் கட்டிவிட்டு, எதையும் இழக்கவில்லை என்று குதித்துக்கொண்டிருக்கிறேன். கண்டுபிடித்த சந்தோஷத்தில் மறுபடியும் குதித்தேன். முட்டாள்தனம் பிடிபடும்போது வருகிற உற்சாகமே தனி. உடனே முசியேவிடம் ஓடிச் சொன்னேன். அவர் சாக்கடைக் குண்டைக் கழுவிக்கொண்டே, "நானும் அதத்தான தம்பி சொன்னேன்" என்றார்.

திங்கட்கிழமை காலை அதே ஸ்கூட்டரில் அவளை உட்காரவைத்துப் போய் அட்வான்ஸ் கொடுத்தோம். கடை எங்களுக்கு வந்தது. சாயங்காலங்களில் ஜாக்கெட்டுக்கு ஹூக் தைக்கும் உத்தியோகம் எனக்கு வந்தது.

அடுத்த வருடம் சந்தை தலைகுப்புற விழுந்தது. டீக்கடைத் தொலைக்காட்சி முழுக்கச் சிவப்பு அம்பு. எனக்குக் கைகால் பரபரத்தது. அரை டீயோடு எங்கள் தையல் கடைக்கு ஓடினேன். தீபாவளி நெருங்கும் நேரம், மூன்று மிஷினும் ஓடிக்கொண்டிருந்தன.

"பாத்தியா! நாடே நஷ்டத்துல கெடக்குது! அன்னிக்கு நான் சொன்ன பத்திரத்துல போட்டிருந்தா இன்னிக்கு நம்ம முதலுக்கு மோசமே இல்ல! நான் சொன்னது சரியா இல்லயா? நீயே சொல்லு!"

அவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"ஹூக் தெச்சாச்சா?"