பட்டத்துக்குப் போட்ட கர்ச்சீப்

கம்ப்யூட்டர் பட்டம் வாங்கக் கம்ப்யூட்டர் தெரிந்தால் போதும் என்று நினைத்துத்தான் தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தேன். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அது கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி. மணமக்களைப் பார்க்கும் வரைக்கும் வாசலிலிருந்து எத்தனையோ பேருக்கு வணக்கம் வைத்துக்கொண்டே போக வேண்டும். முதலில் தமிழ்த் தாள். அப்புறம் ஆங்கிலத் தாள். பிறகு கணக்கு, அந்தக் கணக்குக்குத் துணையாக இன்னொரு கணக்கு. நன்னெறி என்று ஒரு தாள்; நேர்மையின் சிறப்பை நான் எழுதிக்கொண்டிருந்தபோது பின்பெஞ்சுக்காரர் எட்டிப் பார்த்து அதையே எழுதிக்கொண்டிருந்தார். சுற்றுச்சூழல் தாளுக்கு மட்டும் நான் புத்தகத்தையே திறக்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் வேலைக்குப் போகிறவளுக்குக் காற்று மாசைப் பற்றி ஆசிரியர் எதற்கு? மூக்கே பாடம் எடுத்துவிடும்.

வண்டிகளுக்கு பிரேக் பாகம் செய்கிற கம்பெனியில் பேக்கிங் பிரிவு எனக்கு. அட்டைப்பெட்டியை மடி, பாகத்தை வை, டேப்பை ஒட்டு, தள்ளு. எல்லாம் நின்றபடியே. பேக்கிங் பிரிவில் நாற்காலி என்கிற பொருளே கிடையாது. ஆனால் நேரெதிரே, கண்ணாடிக்கு அந்தப்பக்கம், சரக்கு அனுப்புகிற ஆபீஸ் இருந்தது. அதில் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். சக்கரம் வைத்த நாற்காலி. பிரிண்டரிலிருந்து தாள் எடுக்கக்கூட எழுந்திருக்க மாட்டாள்; காலால் ஓர் உந்து, போய்ச் சேர்ந்துவிடுவாள். வேலைக்கு நடுவே நான் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அவள் கணவனுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றலாகி அவளும் போகப்போகிறாள் என்று தெரிந்ததும் மனிதவளப் பிரிவு மேடத்திடம் போய் நின்றேன். மேடம் நல்லவர். டிகிரியை முடித்துவிட்டு வா, ரிசல்ட் வரும் வரைக்கும் வேறு ஆளைப் போடாமல் பார்த்துக்கொள்கிறேன், இந்தத் தடவை தவறினால் அதற்கு மேல் என்னால் பிடித்துவைக்க முடியாது என்றார். அறிவுத் தாகத்தில்தான் நான் படிக்கிறேன் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. எனக்கு உட்கார வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

நான் படித்ததெல்லாம் கம்பெனி பஸ்ஸில்தான். மணவாள நகரில் முதல் நிறுத்தத்தில் ஏறுவேன். திருவள்ளூர், தாமரைப்பாக்கம், பெரியபாளையம், ஆரணி என்று ஆள் ஏற்றிக்கொண்டு கவரைப்பேட்டை வழியாக கும்மிடிப்பூண்டி போய்ச் சேரும் வரை புத்தகம் மடியில் இருக்கும். காது மட்டும் பேச்சில் இருக்கும். அந்த பஸ்ஸில் பேசுகிறவர்கள் பேச்சைக் கேட்டால் எந்தப் புத்தகமும் சப்பென்று ஆகிவிடும். நான் புரோகிராம் எழுதி அது ஓடாமல் முழித்துக்கொண்டிருந்த ஒருநாள், ஆரணியில் ஏறுகிற அக்கா என் லேப்டாப்பை எட்டிப் பார்த்துவிட்டு, "இது எங்க மாமியாரு மாரி. தப்புன்னு மட்டும் சொல்லும், இன்னா தப்புன்னு சொல்லாது" என்றார். கம்ப்யூட்டரைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இந்த ஆரணி அக்கா அசெம்ப்ளி பிரிவு. டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது வரிசை சன்னலோரம் அவருடைய இடம். ஆனால் அவர் ஏறுவதோ கடைசியில். பயிற்சிக்கு வருகிற புதுப் பிள்ளைகள் மாறிக்கொண்டே இருப்பார்கள். காலி இடத்தைக் கண்டால் உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. சாயங்காலம் இறங்கும்போது அக்கா தன் கர்ச்சீப்பை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார். நீலத்தில் கட்டம் போட்டது, இஸ்திரிப் பெட்டி சுட்டு ஒரு மூலையில் ஓட்டை. மறுநாள் காலையில் மணவாள நகரில் ஏறியதும் முதல் வேலையாக அதை அவருடைய சீட்டில் போட்டுவிட்டுத்தான் நான் என் இடத்துக்குப் போவேன். பாதி பஸ்ஸுக்கு இப்படித்தான் கர்ச்சீப், துண்டு, டிபன் பை. யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை. யாரும் மீறியதும் இல்லை.

கடைசி செமஸ்டரில் புராஜெக்ட் வந்தது. திருவள்ளூர் படிப்பு மையத்தில் எனக்கு வழிகாட்டியாக இருந்த சார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். புராஜெக்ட் என்றால் நிஜமான இடத்தில், நிஜமான ஆட்கள் பயன்படுத்துகிற புரோகிராமாக இருக்க வேண்டும். பயன்படுத்துகிறோம் என்று நிறுவனத்திலிருந்து கடிதம் வேண்டும். வெளியிலிருந்து வருகிற தேர்வாளர் முன்னால் வாய்மொழித் தேர்வு. என்னோடு படித்தவர்கள் பெரும்பாலும் ஜெராக்ஸ் கடைக்குப் போய் நூலக மேலாண்மை புரோகிராம் என்று பைண்டு போட்டுத் தயாராக விற்பதை வாங்கி வந்தார்கள். எங்கள் வகுப்பில் இருந்த அத்தனை நூலகம் மாவட்டத்திலேயே இருந்ததா என்று சந்தேகம்.

நான் எங்கள் பஸ்ஸை எடுத்துக்கொண்டேன். யார் எங்கே உட்காருவது என்று கம்ப்யூட்டரே முடிவு செய்யும் புரோகிராம். போக்குவரத்துப் பொறுப்பாளர், அதாவது பஸ்களைக் கவனிக்கிற ஆபீசர், செய்து பார், சரியாக ஓடினால் கடிதம் தருகிறேன் என்றார்.

பயன்படுத்துகிறவருக்கு என்ன தேவை என்று முதலில் கேள், எதிர்த்துப் பேசாமல் எழுதிக்கொள் என்பது பாடத்தின் முதல் அத்தியாயம். கேட்டேன். திருவள்ளூர்க்காரருக்கு சன்னல் வேண்டும், வெயில் கூடாது. பெயிண்ட் பிரிவு அண்ணனுக்குக் காற்று வேண்டும், முடி கலையக் கூடாது. ஒருவர் தன் மைத்துனர் பேசுவது காதில் விழாத தூரத்தில் எந்த சீட் கொடுத்தாலும் சரி என்றார். எங்கள் பஸ் டிரைவர், ஆரம்பாக்கம் பக்கத்துக்காரர், யாரைப் பார்த்தாலும் நைனா என்கிறவர், தன் பின்னால் உட்கார்ந்து போனில் கத்துகிறவர்களைக் கடைசி வரிசைக்கு அனுப்பினால் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஆயுத பூஜையன்று தானே பொட்டு வைப்பதாகச் சொன்னார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். ஆனால் என் இடம் எனக்கு வேண்டும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. மூச்சு விட வேண்டும் என்று யாராவது எழுதிக் கேட்பார்களா?

புரோகிராம் அழகாக ஓடியது. முதலில் ஏறுகிறவர்கள் பின்னால், கடைசியில் ஏறுகிறவர்கள் முன்னால், நடுவழியில் நெரிசல் இல்லை, வெயில் கணக்குகூடப் போட்டிருந்தேன். மைத்துனர்கள் இரண்டு முனைக்குப் போனார்கள். திங்கட்கிழமை காலையில் பட்டியலை அச்சடித்து டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒட்டிவிட்டு, கை பழக்கத்தில் ஆரணி அக்காவின் கர்ச்சீப்பை எடுத்து அவருடைய பழைய சீட்டிலேயே போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் எனக்கென்று ஒதுக்கிய இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

தாமரைப்பாக்கத்தில் வெல்டிங் அண்ணன் ஏறினார். சன்னல் கேட்டிருந்ததால் பட்டியல்படி அவருக்கு ஆரணி அக்காவின் சீட். அதில் கர்ச்சீப் கிடக்கிறது. அவர் தொடவில்லை. தன் பழைய சீட்டுக்குத் திரும்பினால் அங்கே அவருக்காக ஒருவர் போட்டுவைத்த துண்டு இருக்கிறது, ஆனால் பட்டியலில் அது பெரியபாளையத்துப் பெண்ணுக்கு. "சார்ட்ல வேற மாரி போட்டுக்குது, சீட்ல வேற மாரி போட்டுக்குது. நான் எதுக்கு கட்டுப்படறது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். கேட்டுவிட்டு அப்படியே நின்றார். பெரியபாளையத்துப் பெண் ஏறினாள்; துண்டு இருக்கிற சீட்டில் எப்படி உட்காருவது என்று அவளும் நின்றாள். அண்ணன், எனக்கு வேறு இடம் கிடைக்கட்டும், துண்டை எடுக்கிறேன் என்றார். ஒருவர் நிற்கிறாரே என்று இன்னொருவர் எழுந்தார். கொஞ்ச நேரத்தில் பாதி சீட் காலி, நடுவழி முழுக்க ஆள்.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். பெரியபாளையம் தாண்டியதும் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தார். "இன்னா நைனா பேஜாரு இது. சீட்டு காலியா கீது, அல்லாரும் நின்னுகினு வரீங்க. ஒக்காந்தா வண்டி எடுப்பேன்" என்றார். யாரும் உட்காரவில்லை. தெருவில் போனவர்கள் பஸ்ஸுக்குள் ஏதோ பிரார்த்தனை நடக்கிறது என்று நின்று பார்த்தார்கள். கடைசியில் அவரே அலுத்துப்போய் வண்டியை எடுத்தார். ஆரணியில் அக்கா ஏறினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்து, சன்னலோரம் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அந்த பஸ்ஸில் நிம்மதியாக வந்தவர் அவர் ஒருவர்தான்.

கேட்டில் பஸ்ஸில் வந்த எல்லோருக்கும் லேட் போட்டார்கள். போக்குவரத்துப் பொறுப்பாளர் பஸ்ஸுக்குள் ஏறி, பட்டியலைக் கிழித்து, இனி இது இந்த வண்டியில் ஒட்டக் கூடாது, கடிதம் கேட்டு வராதே என்று சொல்லிவிட்டுப் போனார். படிப்பு மைய சாருக்குப் போன் செய்து, நானும் கடையில் ஒரு நூலகம் வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொண்டார். தேதி தள்ளிப்போகாது, விட்டால் அடுத்த செமஸ்டர்தான் என்றார். அடுத்த செமஸ்டரில் அந்த நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்து காலால் உந்திக்கொண்டிருப்பார்கள்.

சாயங்காலம் பஸ்ஸில் எல்லோரும் என்னைத் தாண்டிப் போய் உட்கார்ந்தார்கள். ஆரணி அக்கா மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உங்கள் இடத்தைவிட வசதியான இடம்தானே அக்கா கொடுத்திருந்தேன், வெயிலே படாதே என்று நான்தான் ஆரம்பித்தேன்.

"வெயிலு கெடக்குது, உடு. ஊட்ல ஒக்காந்தா எந்திரின்னுவாங்க. கம்பெனில ஒக்கார்றதுக்கே எடம் இல்ல. இங்க ஒண்ணுதான் நான் ஒக்காந்தா ஒக்காந்ததுதான். அத்த போய் கம்ப்யூட்டரு மாத்துனா எப்டி?" என்றார். கர்ச்சீப்பை நாலாக மடித்துக்கொண்டே, "நீதான டெய்லி கர்ச்சீப்பு போடற. ஒனக்கே தெரில்லன்னா அதுக்கு எப்டி தெரியும்" என்றார். பிறகு வழக்கம்போலக் கர்ச்சீப்பை என் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து புரோகிராமைத் திருப்பி எழுதினேன். யாரையும் எங்கேயும் மாற்றவில்லை. அவரவர் இடம் அவரவருக்கு. கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்ததெல்லாம் கர்ச்சீப் சட்டம். ஒருவருடைய இடம் அவர் ஏறுகிற நிறுத்தம் வரைக்கும் அவருக்காகக் காத்திருக்கும். வண்டி அந்த நிறுத்தத்தைத் தாண்டி அவர் வரவில்லையென்றால் நிற்கிறவர் உட்காரலாம். லீவு போடுகிறவர் முன்னாலேயே பஸ் வாட்ஸ்அப் குரூப்பில் சொல்லிவிட்டால் அன்றைக்கு அந்த இடம் பயிற்சிப் பிள்ளை ஒருவருக்கு. ஒட்டத்தான் கூடாதே, அதனால் இன்றைக்கு எந்த இடம் காலி என்று காலையில் குரூப்பிலேயே போட்டுவிடுவேன். புதுப் பிள்ளைகள் தயங்காமல் போய் உட்கார்ந்தார்கள். யாரும் யாரையும் எழுப்பவில்லை. இடத்தகராறுப் புகார் ஒன்றுகூட வராததைப் பார்த்துப் பொறுப்பாளருக்கே சந்தேகம் வந்து, ஒருநாள் காலையில் எங்கள் பஸ்ஸில் ஏறி வந்தார். அவருக்கும் ஓர் இடம் காட்டினேன். பெயிண்ட் பிரிவு அண்ணன் லீவு. கடிதம் கிடைத்தது.

வாய்மொழித் தேர்வில் எனக்கு முன்னால் போனவர்கள் எல்லோரும் நூலகம். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் களைத்துப் போயிருந்தார். என் பைண்டைத் திறந்ததும், "இதுவும் புத்தகம்தானா?" என்றார். பஸ் என்றேன். கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கங்களைப் புரட்டியவர் ஓர் இடத்தில் நின்றார்.

"என்னம்மா இது, டேட்டா டேபிளுக்கு கர்ச்சீப்னு பேர் வச்சிருக்கீங்க?"

அதுதான் சார் பூட்டு, அது இருக்கிற வரைக்கும் வேறு யாரும் அந்த இடத்தை எடுக்க முடியாது என்றேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் சாரைப் பார்த்தார். சார் சன்னலைப் பார்த்தார்.

"சரி, டெட்லாக்னா என்ன, சொல்லுங்க."

ஆபரேட்டிங் சிஸ்டம் தாளில் இதே கேள்விக்கு மனப்பாடம் செய்ததைப் பாதியில் மறந்துதான் அரியர் வைத்து, அடுத்த தடவை தேறினேன். இப்போதும் அந்த ஆங்கில வரி முதல் இரண்டு வார்த்தையோடு நின்றுகொண்டது. வேறு வழியில்லாமல், ஆளாளுக்கு அடுத்தவர் விடட்டும் என்று காத்திருந்து எல்லோருமே மாட்டிக்கொள்கிறது சார் என்று பெரியபாளையத்தில் நடந்ததைச் சொன்னேன். வெல்டிங் அண்ணன் துண்டை எடுக்க மாட்டேன் என்றது, அந்தப் பெண் துண்டு இருக்கும் வரை உட்கார மாட்டேன் என்றது, சீட் காலியாக இருக்க எல்லோரும் நின்றது, டிரைவர் இன்ஜினை அணைத்தது, ஆரணி அக்கா மட்டும் கர்ச்சீப்பை எடுத்துவிட்டு உட்கார்ந்தது.

"இப்ப அது வராம இருக்கறதுக்கு என்ன பண்ணீங்க?"

"ஆளோட ஸ்டாப்பு தாண்டிட்டா கர்ச்சீப்பு செல்லாது சார்."

அவர் சிரித்தாரா இருமினாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஏதோ எழுதினார். அப்புறம், அந்த ஆரணி அம்மா என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். பேனாவை மூடிவிட்டு, போகலாம் என்றார்.

ரிசல்ட் வந்த அன்றைக்கு பேக்கிங்கில் டேப் ஒட்டிக்கொண்டே போனில் பார்த்தேன். பாஸ். மேடம் சொன்ன சொல் மாறவில்லை. அடுத்த திங்கட்கிழமை சரக்கு அனுப்புகிற ஆபீஸுக்குப் போ என்றார்.

அந்த வெள்ளிக்கிழமையே ஆரணி அக்காவுக்கு ஷிப்டு மாறியது; சாயங்காலம் கர்ச்சீப்பைத் தராமலே இறங்கிவிட்டார். திங்கட்கிழமை நான் ஏறும்போது அவருடைய இடத்தில் போட என்னிடம் கர்ச்சீப் இல்லை. முந்தின ஷிப்டு பஸ்ஸில் போயிருப்பார். அந்த பஸ்ஸில் அவருக்கு யார் கர்ச்சீப் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். கம்பெனியில் இறங்கி, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஆபீஸுக்குள் போனேன். சக்கர நாற்காலி கம்ப்யூட்டர் முன்னால் இருந்தது. அதன்மேல் ஒரு கர்ச்சீப்.

பழகின உடம்பு, தானாகவே நின்றுவிட்டது. பக்கத்து மேசைக்காரரிடம், இது யாருடைய இடம் சார் என்று கேட்டேன். அவர் பில்லிலிருந்து தலையைத் தூக்காமல், தெரியவில்லைம்மா, விடியற்காலை ஷிப்டுக்கு வந்த அசெம்ப்ளி அம்மா ஒருத்தர் உள்ளே வந்து போட்டுவிட்டுப் போனார், யாரும் உட்காரக் கூடாதென்று மிரட்டிவிட்டு வேறு போனார், நானே பயந்துகொண்டு அந்தப் பக்கம் போகவில்லை என்றார்.

கிட்டே போய்ப் பார்த்தேன். நீலத்தில் கட்டம். மூலையில் ஓட்டை.

எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.